மதிப்பீடு வேறு, கட்டட ஆய்வு வேறு

கேள்வி: கட்டி இருபத்தைந்து ஆண்டுகள் ஆன மூன்று மாடி வணிகக் கட்டடம் ஒன்றை வாங்க விலை பேசியிருக்கிறேன். கீழே கடைகள், மேலே அலுவலகங்கள். எல்லாவற்றிலும் வாடகைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். கடன் தரும் வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார். இதற்கு மேல் பொறியாளரை வைத்து ஆய்வு செய்வது வீண் செலவு என்கிறார் தரகர். அப்படித்தானா? என் மைத்துனரும் தன் கிடங்கை விற்கும் யோசனையில் இருக்கிறார். விற்பவருக்கு இந்த ஆய்வால் ஏதாவது பயன் உண்டா?

பதில்: தரகர் சொன்னதை ஏற்காதீர்கள். மதிப்பீட்டாளர் வங்கிக்காக வந்தவர். கொடுக்கும் கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா என்பதுதான் அவர் முன் இருக்கும் கேள்வி. இடம், பரப்பளவு, வாடகை வரவு, அக்கம்பக்கத்துச் சொத்துகள் கைமாறிய விலை ஆகியவற்றை வைத்து ஒரு தொகையை எழுதுவார். உத்திரத்துக்குள் கம்பி துருப்பிடித்திருக்கிறதா, தீயணைப்புப் பம்ப் ஓடுகிறதா என்பதெல்லாம் அவர் வேலையில் சேராது. அவற்றைச் சரிசெய்யும் செலவு மட்டும் பத்திரம் பதிவான மறுநாளிலிருந்து உங்களுடையது. விற்பவர் கேட்பது ஒரு விலை. அடுத்த பத்து ஆண்டுகளில் கட்டடம் உங்களிடம் கேட்கப்போவது இன்னொரு விலை. இரண்டையும் கூட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

இருபத்தைந்து ஆண்டு என்பது கவனிக்க வேண்டிய வயது. குளிர்சாதன இயந்திரங்கள் பெரும்பாலும் பதினைந்து முதல் இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் ஓய்ந்துவிடும். மொட்டை மாடியின் நீர்த்தடுப்புப் பூச்சும் ஏறக்குறைய அதே காலத்தில் தளர்ந்துவிடும். உங்கள் கட்டடத்தில் இவை மாற்றப்பட்டிருந்தால் ரசீது இருக்க வேண்டும். ரசீது இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே கணக்கிடுங்கள்.

நான் ஆய்வை எப்போதும் மொட்டை மாடியிலிருந்துதான் தொடங்குவேன். மழை நின்று இரண்டு நாள் கழித்தும் தண்ணீர் தேங்கி நின்றால் சரிவு சரியில்லை, அல்லது வடிகால் அடைத்திருக்கிறது. நூறு சதுர மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தேங்கும் நீரின் எடை ஐந்து டன். எடையைவிடக் கசிவுதான் பெரிய கேடு. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தன்மையைக் குறைக்கும். அந்த இடத்துக்கு ஈரமும் வந்து சேர்ந்தால் துரு பிடிக்கும். துருவாக மாறிய இரும்புக்கு முன்பிருந்ததைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் வேண்டும். அது உள்ளிருந்து நெருக்க, கான்கிரீட் வெடித்துப் பெயர்ந்து விழுகிறது. ஆகவே, உத்திரத்தின் அடியில் கம்பி ஓடும் திசையிலேயே நீளும் விரிசலைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுவேன். பூச்சில் தெரியும் மயிரிழைக் கீறல்கள் பெரும்பாலும் அச்சப்பட வேண்டியவை அல்ல. சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டைப்போல் சாய்வாக இறங்கும் விரிசல் அடித்தளம் அசைந்ததன் அடையாளமாக இருக்கலாம். அதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் பார்க்க வேண்டும்.

ஒரு முறை முழுக்கப் புதுச் சாயம் பூசிய அலுவலகக் கட்டடம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். குறை சொல்ல எதுவுமே கண்ணில் படவில்லை. கூடமொன்றின் பொய்க்கூரையில் மட்டும், பழுப்பேறிய பலகைகளுக்கு நடுவே இரண்டு பலகைகள் பளிச்சென்று இருந்தன. ஏணி போட்டு அவற்றைத் தூக்கிப் பார்த்தேன். குளிர்சாதனத்தின் நீர்க்குழாய் பல ஆண்டுகளாகச் சொட்டியிருக்கிறது. அதை ஒட்டிய உத்திரத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கான்கிரீட் உதிர்ந்து கம்பி வெளியே தெரிந்தது. வாங்க வந்தவர் பின்வாங்கவில்லை. பழுதுபார்க்கும் செலவைக் கணக்கிட்டு விலையில் கழித்துக்கொண்டார். விற்றவரும் ஒப்புக்கொண்டார், ஏனென்றால் ஆதாரம் கண்முன் இருந்தது. ‘வாங்காதே’ என்று சொல்வதற்காக ஆய்வாளர் வருவதில்லை. எந்த விலைக்கு, எந்த நிபந்தனையோடு வாங்கலாம் என்பதை அறியத்தான் அவரை அழைக்கிறோம்.

வாடகைக்கு ஆட்கள் இருப்பது உங்களுக்கு ஒரு வசதி. மின் இணைப்புகளை வெப்பக் கேமராவால் சோதிக்க வேண்டுமென்றால் மின்சாரம் முழு வீச்சில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தளர்ந்த இணைப்பு அப்போதுதான் சூடேறிப் படத்தில் தெரியும். விடுமுறை நாளில் எடுத்த படத்தை நம்ப முடியாது. அதே வாடகைதாரர்களால் சிக்கலும் உண்டு. அலுவலகத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 250 முதல் 400 கிலோ வரையான சுமைக்குத்தான் வடிவமைப்பார்கள். மூன்றாம் மாடி அறையொன்றில் காகிதக் கோப்புகளைக் கூரைவரை அடுக்கியிருந்தால் அந்த அளவு எளிதில் மீறப்பட்டிருக்கும். சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கியிருக்கிறார்களா, தீ வெளியேறும் வழியைச் சரக்கு வைத்து அடைத்திருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அனுமதி பெற்ற வரைபடத்தையும் இப்போதுள்ள கட்டடத்தையும் ஒப்பிட்டாலே பாதி விவரம் வெளிவந்துவிடும்.

குத்தகை ஒப்பந்தங்களை அறிக்கையோடு சேர்த்து வாசியுங்கள். எந்தப் பழுதை யார் சரிசெய்ய வேண்டும் என்பது அவற்றில்தான் இருக்கிறது. ஓய்ந்துபோன குளிர்சாதனத்தை மாற்றும் பொறுப்பு வாடகைதாரருடையதா உங்களுடையதா என்பதைப் பொறுத்து உங்கள் கணக்கே மாறிவிடும்.

ஆய்வாளரை நீங்களே தேடி, நீங்களே கட்டணம் கொடுத்து அமர்த்துங்கள். விற்பவரோ தரகரோ கைகாட்டுபவர் வேண்டாம். பொது ஆய்வு என்பது கண்ணால் பார்ப்பது, இயக்கிப் பார்ப்பது, ஆவணங்களைப் புரட்டுவது ஆகியவைதாம். சுவரை உடைத்துப் பார்ப்பது அதில் அடங்காது. மின்தூக்கி, நிலத்தடிக் கழிவுக்குழாய், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறதா என்ற சோதனை ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தனி வல்லுநர்கள் தேவைப்படுவார்கள். எவையெல்லாம் இந்த ஆய்வில் சேரவில்லை என்பதை எழுத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அறிக்கையில், உடனே செய்ய வேண்டியவை, ஓரிரு ஆண்டுகளில் செய்ய வேண்டியவை, பத்து ஆண்டுக்குள் வரப்போகிறவை என்று செலவுகளைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். தொகை குறிப்பிடாத அறிக்கையை வைத்து விலை பேச முடியாது. ஆய்வு முடிவு திருப்தி தராவிட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். முன்பணம் கொடுத்த பிறகு அதைக் கேட்டுப் பயனில்லை.

இனி உங்கள் மைத்துனர். விற்பவர் ஆய்வு செய்தால் குறைகள் தாமாகவே அம்பலமாகிவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். அவை எப்படியும் வெளிவரத்தான் போகின்றன. வாங்குபவரின் பொறியாளர் கண்டுபிடித்தால், பத்திரப் பதிவு நாள் நெருங்கிய வேளையில், அவர்கள் போடும் கணக்கின்படி விலை இறங்கும். தாமே முன்னதாக அறிந்துவைத்தால் சிறிய பழுதுகளைத் தாம் தேர்ந்தெடுத்த ஆளைக்கொண்டு சரிசெய்யலாம். பெரியவற்றை முதலிலேயே சொல்லி, அதற்கேற்ற விலையைத் தாமே வைக்கலாம். தெரிந்த குறையை மறைத்து விற்பது பிறகு வழக்கில் போய் முடியக்கூடும். ஆய்வுக்குப் பின் குறைகள் எழுத்தில் இருக்கும் என்பதால், சட்டப்படி எதையெல்லாம் தெரிவிக்க வேண்டும் என்று வழக்கறிஞரிடம் அவர் கேட்டுக்கொள்வது நல்லது.

கிடங்கு என்பதால் அவர் மூன்றை முதலில் கவனிக்கட்டும். ஒன்று, தரை: பாரந்தூக்கி வண்டிகள் ஓடும் தடத்தில் இணைப்புகள் சிதைந்திருக்கின்றனவா? இரண்டு, தீப்பிடித்தால் மேலிருந்து நீரைத் தெளிக்கும் தீத்தெளிப்பான்கள்: அவை எந்த உயரத்துக்கு, எந்த வகைச் சரக்குக்கு வடிவமைக்கப்பட்டன, இப்போது எவ்வளவு உயரம் அடுக்குகிறார்கள்? மூன்று, அந்த நிலத்தில் முன்பு என்ன தொழில் நடந்தது என்பது. எரிபொருள் நிலையமோ முலாம்பூசும் பட்டறையோ இருந்திருந்தால் மண் மாசுபட்டிருக்க வாய்ப்புண்டு. வாங்குபவர் மண் பரிசோதனை கேட்பார், அதற்குக் கால அவகாசம் வேண்டும். பம்ப், மின்தூக்கி, மின்பலகை ஆகியவற்றின் பராமரிப்புப் பதிவேடுகளை இப்போதே ஒரு கோப்பில் சேர்க்கத் தொடங்கச் சொல்லுங்கள்.