சுர்ஜித் பாத்தர்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பஞ்சாபிக் கவிஞர் சுர்ஜித் பாத்தரைப் பற்றி வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். பஞ்சாபியின் எழுத்தான குருமுகியில் எழுத்துக்கூட்டிக் கவிதை படிக்கிறவன், அவ்வளவுதான். பேராசிரியர் இல்லை, அதனால் 'ஐயா'வெல்லாம் வேண்டாம்.

பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யார் இவர், சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1945 ஜனவரி 14, ஜலந்தர் மாவட்டத்தில் பத்தர் கலான் என்ற கிராமத்தில் பிறந்தார். 'பாத்தர்' அந்த ஊர்ப்பெயரிலிருந்து வந்ததுதான். கபூர்தலாவில் பி.ஏ., பாட்டியாலா பஞ்சாபிப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ., அமிர்தசரஸ் குரு நானக் தேவ் பல்கலைக்கழகத்தில் பி.எச்.டி. வேலை பார்த்ததும் ஓய்வு பெற்றதும் லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தில். 2024 மே 11 அன்று லூதியானா வீட்டில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது, 79 வயது.

வேளாண் பல்கலைக்கழகத்தில் கவிஞருக்கு என்ன வேலை?

பஞ்சாபி கற்றுக்கொடுக்கிற வேலைதான், அங்கே பஞ்சாபிப் பேராசிரியராக இருந்தார். கோதுமை விதை ஆராய்ச்சிக்குப் பேர் போன இடம், ஆனால் இலக்கியத்துக்கும் அங்கே இடம் இருந்தது. இவருக்கு மூத்த தலைமுறைக் கவிஞர் மோகன் சிங்கும் 1970களில் அங்கே இருந்தவர்தான். பசுமைப் புரட்சியின் நடுமையத்தில் உட்கார்ந்து ஒருவர் மரத்தையும் இருட்டையும் மெழுகுவத்தியையும் பற்றி கஜல் எழுதிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இப்போதும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

'அறிஞர்' என்றும் சொல்கிறார்களே. முனைவர் பட்டம் வாங்கினால் எல்லோரும் அறிஞரா?

நியாயமான கேள்வி. இவர் விஷயத்தில் அந்த ஆய்வைப் பார்க்காமல் கவிதையைப் பாதிதான் புரிந்துகொள்ள முடியும் என்பது என் கட்சி. ஆய்வுத் தலைப்பு, குரு நானக்கின் வாணியில், அதாவது அவர் பாடல்களில், நாட்டார் வழக்காறு எப்படி உருமாறுகிறது என்பது. நானக் கிராமத்துப் பாட்டு வடிவங்களை எடுத்து அதில் தன் தத்துவத்தை ஏற்றினார். பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாகப் பாடுகிற 'பாரா மாஹா', சாவு வீட்டு ஒப்பாரியான 'அலாஹணியாம்', எழுத்து எழுத்தாக அரிச்சுவடி சொல்லிப் போகிற 'பட்டி', இப்படி. திருவாசகத்தில் அம்மானையும் ஊசலும் சாழலும் வருகிறதே, அந்த மாதிரி.

இப்போது பாத்தரின் கவிதைக்கு வாருங்கள். கஜல் பாரசீகத்திலிருந்து உருது வழியாக வளர்ந்த வடிவம், முதல் ஈரடியின் இரண்டு அடிக்கும் ஒரே இயைபு, அப்புறம் ஒவ்வொரு ஈரடியின் இரண்டாம் அடிக்கும் அதே இயைபு, ஒவ்வொரு ஈரடியும் தனியாக நிற்க வேண்டும் என்று கறாரான கணக்கு உண்டு. அதை அவர் தன் ஊர்ப் பேச்சுக்கு இறக்கிக் கொண்டுவந்தார், மேடையில் வாசிக்காமல் பாடவும் செய்தார். நானக்கிடம் ஆராய்ந்ததைத்தான் தலைகீழாகச் செய்து பார்த்தார் என்று எனக்குத் தோன்றும்: கிராமத்து வடிவத்தில் தத்துவத்தை ஏற்றியவர் நானக், அரண்மனை வடிவத்தில் கிராமத்தை ஏற்றியவர் இவர்.

பாஷ் மாதிரி துணிச்சலான கவிஞர் இருந்த ஊரில் இவர் மென்மையாகப் பாடிவிட்டுத் தப்பித்துக்கொண்டார் என்று சொல்லலாமா?

சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு பேரும் ஜலந்தர் மாவட்டத்துக்காரர்கள்தான். பாஷ் நக்சல்பாரி அலையில் வந்தவர், நேருக்கு நேர் மோதுகிற மொழி. 1988 மார்ச் 23, அதாவது பகத் சிங் தூக்கிலிடப்பட்ட அதே தேதியில், காலிஸ்தான் தீவிரவாதிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு பக்கம் துப்பாக்கி, இன்னொரு பக்கம் போலீஸ் என்று பஞ்சாப் இருந்த காலம் அது.

பாத்தருடைய மிகப் பிரபலமான ஈரடி ஒன்றின் பொருள் இது: ஏதாவது சொன்னால் இருட்டு எப்படிப் பொறுத்துக்கொள்ளும், பேசாமல் இருந்தால் விளக்குத் தண்டுகள் என்ன சொல்லும்? இதில் கோஷம் இல்லை, சரி. ஆனால் பயப்படுகிற சாதாரண மனிதன், தான் பயப்படுகிறோம் என்று தெரிந்தே வெட்கப்படுகிறவன், அவனுடைய நிலைமை அப்படியே இருக்கிறது. ஊரில் முக்கால்வாசிப் பேர் அந்த நிலைமையில்தான் இருந்திருப்பார்கள். 'இருட்டில் கனன்றுகொண்டிருக்கும் அரிச்சுவடி' என்று பொருள்படும் தலைப்பில் அவர் தொகுப்பு ஒன்று 1992இல் வந்தது, அதற்குத்தான் 1993இல் சாகித்திய அகாதெமி விருது. துப்பாக்கிக்கும் போலீசுக்கும் நடுவில் போன அந்தப் பத்து வருஷத்தை நினைத்துக்கொண்டு அந்தத் தலைப்பைப் பாருங்கள், மென்மையாகவா இருக்கிறது?

நான் திருப்பூர். பின்னலாடை வியாபாரமாக லூதியானா போய் வருவேன். அங்கே சாதாரண ஆட்களுக்கு இவரைத் தெரியுமா அண்ணா?

நன்றாகத் தெரியும் தம்பி. இறுதி ஊர்வலத்தில் முதல்வர் பகவந்த் மானே பாடைக்குத் தோள் கொடுத்தார். உங்களுக்கென்றே ஒரு கவிதை இருக்கிறது, 'ஆயா நந்தகிஷோர்', அதாவது 'நந்தகிஷோர் வந்தான்'. பிழைப்பைத் தேடிப் பீகாரிலிருந்து பஞ்சாபுக்கு வந்த கூலித் தொழிலாளி நந்தகிஷோர். அங்கேயே குடும்பம் வேர்விடுகிறது, மாதுரி என்று ஒரு பெண் பிறக்கிறாள். அந்த மாதுரி கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் குருமுகி எழுத்து எழுதிப் பழகுகிறாள், அதே ஊர் நிலக்காரர் வீட்டுப் பிள்ளை ஆங்கிலம் படிக்க டவுனுக்குப் போகிறது. பஞ்சாபியை நாளைக்கு யார் பேசப் போகிறார்கள் என்ற கேள்வியைக் கேட்காமலே கேட்டுவிடுகிறார். 'வெளியூர்க்காரன் வந்து நம் மொழியைக் கெடுக்கிறான்' என்று புலம்புகிறவர்களுக்கு இதைவிட அழகாகப் பதில் சொல்லி நான் படித்ததில்லை. திருப்பூர் அரசுப் பள்ளியில் 'அ, ஆ' எழுதுகிற வடநாட்டுப் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நாடகம், சினிமா?

உண்டு. ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் மூன்று துன்பியல் நாடகங்களையும் கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாடின் 'நாகமண்டலா'வையும் பஞ்சாபிக்குக் கொண்டுவந்தார். சண்டீகரில் நீலம் மான்சிங் சவுத்ரியின் குழு மேடையேற்றிய 'கிச்சன் கதா' இவர் எழுதியது. விடுதலைப் போராளி உத்தம் சிங் பற்றிய படத்துக்கு வசனம் எழுதினார். அவ்வளவுதான் சொல்வேன், கவிதை அளவுக்கு என்னை இவை இழுக்கவில்லை.

விருதுகளைத் திருப்பிக் கொடுத்தவர்தானே? விளம்பரமா?

2015 அக்டோபரில், கன்னட அறிஞர் கல்புர்கி கொலைக்கும், மாட்டிறைச்சி வதந்தியில் ஒருவரை அடித்துக் கொன்ற தாத்ரி சம்பவத்துக்கும் பிறகு, பஞ்சாபி எழுத்தாளர்கள் பலர் வரிசையாக அகாதெமி விருதைத் திருப்பினார்கள், இவரும் ஒருவர். 2012இல் வந்த பத்மஸ்ரீயைத் திருப்பித் தருவதாக 2020 டிசம்பரில் அறிவித்தார், வேளாண் சட்டங்களை எதிர்த்து டெல்லி எல்லையில் விவசாயிகள் குளிரில் உட்கார்ந்திருந்த நேரம். அந்தப் போராட்டத்தைப் பெரிய திருவிழாவாகப் பார்த்து அவர் எழுதிய கவிதையும் அப்போது நிறையப் பேரிடம் போய்ச் சேர்ந்தது. 75 வயதில், 2009இன் சரஸ்வதி சம்மான் என்ற பெரிய இலக்கிய விருது உட்பட எல்லாம் வாங்கி முடித்த ஒருவருக்கு விளம்பரம் எதற்கு? வேளாண் பல்கலைக்கழகத்தில் காலம் கழித்தவர், விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர், அந்தக் குளிரில் அவர் வேறு எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

பஞ்சாபி தெரியாது. எங்கிருந்து ஆரம்பிக்க?

முதலில் காது. அவரே பாடிய பதிவுகள் யூடியூபில் கிடைக்கின்றன, பொருள் புரியாவிட்டாலும் எந்த இடத்தில் இயைபு வந்து விழுகிறது என்று பிடிபட்டுவிடும். இந்தி தெரிந்தால் பாதிச் சொல் தானாகவே விளங்கும். அப்புறம் ஆசை வந்தால் குருமுகி, மொத்தம் 35 அடிப்படை எழுத்து, நம் 247ஐப் படித்தவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எழுத்து கைவந்ததும் முதல் தொகுப்பான 'ஹவா விச் லிகே ஹர்ஃப்'இல் தொடங்குங்கள், 'லஃப்ஜாம் தி தர்காஹ்' பிறகு. சரஸ்வதி சம்மான் அதற்குத்தான் என்று அதை முதலில் எடுக்கிறவர்கள் உண்டு, அது கொஞ்சம் கனமானது, பொறுத்துப் படிக்கலாம்.