அவ்வளவு விலை தகுமா?

கேள்வி: பத்து சாதாரண கார் வாங்குகிற காசுக்கு ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் கார். உட்காருவது இரண்டு பேர், டிக்கியில் ஒரு பெட்டி வைத்தால் இடம் தீர்ந்தது. அந்த விலைக்கு அது தகுமா, வெறும் பந்தாதானா?

பதில்: வேகத்துக்காக வாங்குவதென்றால் தகாது. பந்தா பாதி, மீதி நாம் காற்றுக்குக் கட்டுகிற கப்பம். வேகம் இரண்டு மடங்கானால், காற்றைத் தள்ளிக்கொண்டு போக மட்டுமே எட்டு மடங்கு சக்தி வேண்டியிருக்கும். மெக்லாரன் எஃப்1 என்கிற சாலை ஸ்போர்ட்ஸ் கார் 1998-ல் மணிக்கு 386 கி.மீ. ஓடியபோது அதன் எஞ்சின் 600 குதிரைத்திறனைச் சற்றே தாண்டியது; 2005-ல் வந்த புகாட்டி வேய்ரான் 407-ஐத் தொட 1,001 குதிரைத்திறன் தேவைப்பட்டது. அது கனமான வண்டிதான், இருந்தாலும் இருபது கி.மீ.க்கு இத்தனை குதிரையா! 16 சிலிண்டர், அவற்றுக்குள் காற்றைத் திணிக்க 4 டர்போ, அந்தச் சூட்டைத் தணிக்க 10 ரேடியேட்டர் என்று ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வர, விலையும் கூடவே ஏறுகிறது. முழு வேகத்தில் விட்டால் 100 லிட்டர் டேங்க் சுமார் 12 நிமிடத்தில் காலி, டயர் தாங்குவது கால் மணி நேரம். டயர் போவதற்குள் பெட்ரோல் தீர்ந்துவிடுவது நம் அதிர்ஷ்டம்.

நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்புகிற பெருமையும் இப்போது போய்விட்டது. நான்கு கதவு வைத்த சில மின்சாரக் குடும்பக் கார்களே மூன்று வினாடிக்குள் நூறைத் தொடுகின்றன, அதுவும் சத்தமே இல்லாமல்.

அப்புறம் மிஞ்சுவது என்ன? ஸ்டீயரிங்கில் சாலை கைக்குத் தெரிவது, வளைவில் வண்டி சொன்னபடி திரும்புவது. எனக்கு இதுதான் ஸ்போர்ட்ஸ் கார். ஆனால் இதற்கு ஆயிரம் குதிரை வேண்டாம், எடை குறைந்தால் போதும். 1989-ல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 ஒரு டன்னுக்கும் குறைவு, எஞ்சின் வெறும் 1.6 லிட்டர். அந்த வரிசையில் இதுவரை பத்து லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது.

கேள்வி: வாங்கிப் பூட்டி வைத்தால் பின்னாளில் விலை ஏறும் என்கிறார்களே?

பதில்: எல்லாவற்றுக்கும் ஏறாது. 2018-ல் ஒரு ஃபெராரி 250 ஜிடிஓ 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது உண்மைதான், ஆனால் அந்த மாடலில் செய்ததே 36 வண்டி, அதுவும் பந்தயத்துக்காக. வரிசையாகத் தயாராகிற கார்களில் பெரும்பாலானவை ஷோரூமை விட்டு இறங்கியதுமே விலையும் இறங்கும். பூட்டி வைத்தால் பேட்டரி செத்து, டயர் ஒரு பக்கம் தட்டையாகி, ரப்பர் சீல் காய்ந்து எண்ணெய் ஒழுகும்.

கேள்வி: கடன் வாங்கியாவது ஒன்று வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். வண்டி விலை முன்பணம் மாதிரிதான். டயர், காப்பீடு, கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. நண்பர் ஒருவரின் காரில் ஒருமுறை போனேன், ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோணலாக ஏற்றி இறக்கியதைப் பார்த்ததில் எனக்கே வியர்த்துவிட்டது. ஆசை விடவில்லையென்றால் பந்தயத் தடத்தில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள், இறங்கும்போது இடுப்பு என்ன சொல்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.