சிவப்பு, கறுப்பு, பச்சை: வீட்டு ஒயரிங் குறித்துச் சில கேள்விகள்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): வளைகுடாவிலிருந்து வந்த இஸ்திரிப்பெட்டியின் ஒயரில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் நிறங்கள் உள்ளன. நம் ஊர் பிளக்கில் எப்படி இணைப்பது?

பதில்: பழுப்பு பேஸ் (மின்சாரம் வரும் ஒயர்), நீலம் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் ஒயர்), பச்சை-மஞ்சள் எர்த் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்பும் பாதுகாப்பு ஒயர்), அது பெரிய பின்னுக்குரியது. நம் வீட்டுச் சுவர்களுக்குள் பொதுவாகச் சிவப்பு பேஸாகவும் கறுப்பு நியூட்ரலாகவும் பச்சை எர்த்தாகவும் ஓடுகின்றன. ஆனால் மும்முனை இணைப்புள்ள வீடுகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே பேஸ்கள் என்பதால், கருவியின் ஒயரில் நியூட்ரலாக இருக்கும் நீலம், சுவருக்குள் 230 வோல்ட் பாயும் ஒயராக இருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பி எந்த ஒயரையும் தொடாதீர்கள். சவூதியிலிருந்து வந்த பழைய கருவிகளில் 127 வோல்ட்டுக்கானவையும் உண்டு. பெட்டியில் அச்சிட்டுள்ள வோல்ட் அளவை முதலில் பாருங்கள்.

கேள்வி (செங்கோட்டை): பிளக் பாயின்ட்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிகிறது, ஆனால் எந்தக் கருவியும் இயங்கவில்லை. ஏன்?

பதில்: பெரும்பாலும் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கும். சுவிட்ச் போட்ட நிலையிலுள்ள ஒரு விளக்கு அல்லது மின்விசிறியின் வழியாக பேஸ் மின்சாரம் நியூட்ரல் ஒயருக்கு வந்து, போக வழியின்றி நிற்பதால், கறுப்பு ஒயரும் உயிரைப் பறிக்கக்கூடியதாகிவிடுகிறது. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

கேள்வி (குமுளி): பழைய வீட்டில் எர்த் ஒயர் இல்லை. நியூட்ரலிலிருந்தே எர்த் முனைக்கு ஒரு துண்டு ஒயர் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. மேலே சொன்னபடி நியூட்ரல் அறுந்தால், அந்தத் துண்டு ஒயரின் வழியாகவே இஸ்திரிப்பெட்டி, கிரைண்டர், குளிர்பதனப்பெட்டி ஆகியவற்றின் உலோக உடல் முழுவதிலும் 230 வோல்ட் ஏறி நிற்கும். தென்மேற்குப் பருவமழையில் ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு அது மரணம். ஆர்.சி.சி.பி. (போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இல்லையென்றால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளவும் இயலாது. கருவியில் கசியும் மின்சாரம் அத்துண்டின் வழியே நியூட்ரலுக்கே திரும்பிவிடுவதால், போவதும் வருவதும் சமமாகி, அது கசிவை உணராது. மண்ணில் முறையாக எர்த் குழாய் பதித்து, ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் பச்சை ஒயர் இழுத்து, 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்துவதே சரியான வழி. செலவுதான், ஆனாலும் வீட்டுக்கு வண்ணம் பூசுவதற்கு முன்பாக இதைச் செய்யுங்கள்.

கேள்வி (களியக்காவிளை): ஒயரின் கனம் எவ்வளவு வேண்டும்?

பதில்: விளக்கு, மின்விசிறிகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். 16 ஆம்பியர் பாயின்ட்டுக்குக் குறைந்தது 2.5, ஏ.சி.க்கு 4. எம்.சி.பி. (அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானாக அணையும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்பதற்காக, ஒயரை மாற்றாமல் அதைவிடப் பெரிய எம்.சி.பி. போட்டால், சுவருக்குள் ஒயர்தான் எரியும்.