கேமரா கேள்வி-பதில்: டீ நிறத்து டாக்குமார்

கேள்வி: இங்கே மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் சாமான்களோடு சூப்பர்-டாக்குமார் 50 எம்.எம். எஃப் 1.4 லென்ஸ் ஒன்று விலைக்கு வந்திருக்குதுங்க. "எட்டுக் கண்ணாடி மாடல் (உள்ளே எட்டுக் கண்ணாடி வில்லைகள்), தேடினாலும் கிடைக்காது" என்று விற்பவர் ஒரே பிடியாக நிற்கிறார். உள்ளே பார்த்தால் டீத்தண்ணி நிறம். வாங்கலாமுங்களா?
- வாசகர், பவானி

பதில்: வாங்கலாம், ஆனால் எட்டுக் கண்ணாடி விலைக்கு வேண்டாம். அந்த நிறமே காட்டிக்கொடுத்துவிட்டது. இந்த லென்ஸைச் செய்த அசாஹி ஆப்டிகல் கம்பெனி 1964இல் கொண்டுவந்த முதல் வடிவத்தில்தான் எட்டுக் கண்ணாடி. அடுத்து வந்த ஏழு கண்ணாடி வடிவத்தில், ஒளிவிலகலைக் கூட்ட தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த கண்ணாடியைச் சேர்த்தார்கள். அதன் கதிர்வீச்சு பட்டுப்பட்டுத்தான் மஞ்சளேறுகிறது. எட்டில் தோரியம் இல்லை. இப்படி நிறம் மாறாது.

முன்வளையத்து எழுத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், இரண்டிலும் ஒரே பெயர்தான். லென்ஸ் உடம்பில் எவ்வளவு ஆழம்வரை ஃபோகஸில் இருக்கும் என்று காட்டும் எண் வரிசையில் (டெப்த் ஸ்கேல்), இன்ஃப்ராரெட் படத்துக்கான சிவப்புக் குறியைத் தேடுங்கள். பக்கத்திலுள்ள 4க்கு வலப்புறம் இருந்தால் எட்டு, இடப்புறம் இருந்தால் ஏழு. எட்டில் பின்கண்ணாடியும் நன்றாகப் புடைத்து நிற்கும்; பெரிய சென்சார் வைத்த சில ஃபுல்ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் உள்ளே இருக்கும் மிரர் போய் இடிப்பது அதனால்தான்.

பணம் கொடுக்கும் முன் லென்ஸிலுள்ள ஸ்விட்சை ஆட்டோவில் வைத்து, அப்பெர்ச்சர் வளையத்தை 16க்குத் திருப்பி, பின்னாலுள்ள சின்னக் குச்சியை (பின்) அழுத்தி விடுங்கள். உள்ளே ஒளித்துவாரத்தைச் சுருக்கும் பிளேடுகள் எல்லாம் படக்கென்று மூடித் திறக்க வேண்டும். சோம்பி நகர்ந்தால் கிரீஸ் உருகி எண்ணெய் இறங்கியிருக்கிறது. சர்வீஸ் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

மஞ்சளைப் போக்கலாம். ஸ்விட்சை எம்-க்கு (மேனுவல்) மாற்றி, துவாரம் முழுதாகத் திறக்க 1.4இல் வையுங்கள். அலுமினியத் தாள்மேல் முன்பக்கம் கீழாகக் கவிழ்த்து, பின்கண்ணாடிக்கு நேரே புற ஊதா எல்.இ.டி. விளக்கை எரியவிடுங்கள். விளக்கை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. சில நாளிலிருந்து சில வாரம்வரை பிடிக்கும். அவ்வப்போது வெள்ளைத் தாளின்மேல் வைத்து நிறத்தைப் பாருங்கள். 'வெயில்தான் சும்மா கிடைக்கிறதே' என்று சித்திரையில் மொட்டைமாடியில் வைத்துவிடாதீர்கள்: கிரீஸ் இளகிப் பிளேடுக்கு வரும், கண்ணாடி வழியே குவியும் வெயில் துணியையும் காகிதத்தையும் பொசுக்கும். வருடங்கள் போனால் மஞ்சள் திரும்பவும் ஏறும்.

கேமராவில் மாட்டிப் படமெடுக்கத் தோரியத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. கண்ணாடியைத் தேய்க்கவோ உடைக்கவோ மட்டும் கூடாது. தூள் உள்ளே போனால்தான் ஆபத்து. ஏழு கண்ணாடி மாடலும் அருமையான லென்ஸ்தான், பெருமை பேச மட்டும் உதவாது.

கேள்வி: மழைக்காலத்தில் லென்ஸுக்குள் நூல்நூலாகப் பூஞ்சை. என்ன செய்ய?
- வாசகர், வால்பாறை

பதில்: முதலில் தோல் உறையிலிருந்து எடுங்கள், ஈரத்தைப் பிடித்துவைப்பதே அதுதான். ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப்புகா டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். உள்ளே ஒரு ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடலாம். ஏற்கெனவே வந்த பூஞ்சையைத் துடைக்க லென்ஸைப் பிரித்தாக வேண்டும். கண்ணாடிமேல் பூசிய கோட்டிங்கை அரித்திருந்தால் அந்தத் தடம் போகாது. துடைக்கக் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.