தவணைக்கு விறகடுப்பு எடுக்கலாமா?

கேள்வி: கொழும்பு மட்டக்குளியில வீட்டிலயே இடியப்பம் அவிச்சு கடைகளுக்குக் குடுக்கிறன். 2022ல கேஸ் இல்லாமப் போனதில இருந்து பின்வளவில மூண்டு கல்லு வச்ச அடுப்புத்தான். விறகுக்கே மாசம் 9,000 ரூபா போகுது. ஒருத்தர் காத்தாடி பூட்டின இரும்பு அடுப்பு கொண்டுவந்து காட்டினார், விறகு பாதியாக் குறையுமாம், மாசம் 3,000 படி 12 தவணை. எடுக்கலாமா?

பதில்: இப்ப எடுக்காதீங்க அக்கா. அவர் சொன்ன மாதிரியே பாதி மிஞ்சினா மாசம் 4,500, தவணை போக 1,500 கையில நிக்கும், ஆனா கால்வாசிதான் மிஞ்சிச்செண்டா 2,250, அப்ப மாசாமாசம் 750 ரூபாயை இடியப்பம் வித்த காசில இருந்துதான் எடுத்துக் கட்டோணும், இடையில காத்தாடி பழுதாப் போனாலும் தவணை நிக்காது.

முதல்ல அனகி அடுப்பைப் பாருங்க. 80கள்ல இருந்து இலங்கையில செய்ற, ரெண்டு வாய் உள்ள களிமண் அடுப்பு, மூண்டு கல்லோட பாக்க கிட்டத்தட்ட கால்வாசி விறகு மிஞ்சும், விலையும் உங்கட ஒரு மாசத் தவணைக்குள்ளதான். ஆனா ரெண்டு வாயிலயும் பானை இருக்கோணும், பின்வாய் சும்மா கிடந்தா அந்தச் சூடு முழுக்க வீண். முன்னுக்கு இடியப்பச் சட்டி, பின்னுக்குத் தண்ணிப் பானை, அவிக்கிற தண்ணி வத்தினா பச்சைத்தண்ணி ஊத்தாம அந்தச் சுடுதண்ணியை ஊத்துங்க, ஆவி அறுபடாது, ஒரு ஈடு சீக்கிரம் இறங்கும். உங்கட சட்டியைக் கடைக்கே கொண்டுபோய் வாயில வச்சுப் பாத்து வாங்குங்க, பெரிய சட்டியெண்டா சரிவராது. சுத்திவர மண் பூசினா சூடும் நிக்கும், கெதியா வெடிக்கவும் மாட்டுது. விறகை மெல்லிசாப் பிளந்து நல்லாக் காயவைங்க, ஈர விறகு எந்த அடுப்பிலயும் காசைத் தின்னும், புகையும் கூட, நாள் முழுக்க அதுக்குள்ள நிக்கிறது நீங்கதானே.

ஒரு கிழமை பழைய அடுப்பில விறகை நிறுத்து நிறுத்துப் போட்டு, ஒரு கிலோ மாவுக்கு எத்தனை கிலோ போச்செண்டு கொப்பியில எழுதுங்க, அடுத்த கிழமை அதே விறகால அனகியில. அந்த இரும்பு அடுப்புக்காரரிட்டயும் ஒரு கிழமைக்குத் தந்து பாக்கச் சொல்லிக் கேளுங்க, அவர் மாட்டன் எண்டா விட்டிடுங்க. தந்தா அந்தக் கணக்கையும் சேத்து அனுப்புங்க, தவணைக்கு எடுக்கலாமா எண்டு அப்ப பாத்துச் சொல்றன்.