படுகைத் தோப்பில் விளையாடிய பிள்ளைகளுக்கு அரிப்பு

அரிக்கிற இடத்தைச் சொறியவோ தேய்க்கவோ விடாதீங்க டீச்சர். செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுங்க, தோலில் ஒட்டியிருக்கிற சுணை, அதாவது அரிக்க வைக்கிற மெல்லிய முடி, டேப்போடு வந்துடும். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவலாம்.

இரண்டாம் வகுப்பு, கொள்ளிடப் படுகை, மாசி மாசம், வேலியோரம் கொடி இழுத்து விளையாட்டுன்னு எழுதியிருக்கீங்க. எனக்குப் பூனைக்காலிக் கொடி மேலதான் சந்தேகம். காய் அவரைக்காய் மாதிரி வளைஞ்சு, மேலெல்லாம் வெல்வெட் போலப் பழுப்புச் சுணை மூடியிருக்கும். பார்க்க அழகு, பிள்ளைங்க தடவாம இருக்காது. காய்ஞ்ச கொடியை ஆட்டினாலே சுணை பறக்கும்.

எடுத்த டேப்பை வெயிலில் பிடிச்சுப் பாருங்க. ஊசி ஊசியாப் பொன்னிறச் சுணை தெரிஞ்சா அதுதான். இல்லைன்னா பக்கத்து முருங்கையில் கம்பளிப்பூச்சி இருக்கான்னு பாருங்க.

சீருடையைத் தனியாத் துவைக்கச் சொல்லுங்க. கண்ணில் பட்டாலோ மூச்சு இரைச்சாலோ உடனே ஆஸ்பத்திரி.

தோப்புக்குப் போறதை மட்டும் தயவுசெய்து நிறுத்திடாதீங்க. கொடிப் பக்கமிருந்து காற்று வராத இடமா மாத்திக்குங்க.