இடது கையால் எழுதினால்

அன்புள்ள ஐயா,

பைக் விபத்தில் கழுத்தோரம் நரம்புகள் அறுந்து வலது கை செயலிழந்து எட்டு மாதமாகிறது. நான்காவது மாதம் நரம்பு ஒட்டும் அறுவை சிகிச்சை நடந்தது. முழங்கை இன்னும் மடங்கவில்லை. இடது கையால் எழுதப் பழகு என்கிறார்கள். பழகினால் வலது கையைக் கைவிட்டதாக ஆகிவிடாதா? சட்டைப் பொத்தானைக்கூட மனைவிதான் போட்டுவிடுகிறாள்.

ர.

அன்புள்ள ர.,

எனக்கும் வலது கைதான், இதே காயம்தான். அதனால் உங்கள் கேள்வி எனக்கு நன்றாகவே புரிகிறது. நானும் பேனாவை இடது கையில் எடுக்காமல் ஐந்து மாதம் பிடிவாதமாக இருந்தேன். அந்த ஐந்து மாதத்தால் என் வலது கைக்கு எந்த நன்மையும் வரவில்லை.

அறுந்த நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். ஆபரேஷன் முடிந்த நான்கு மாதத்தில், அதிகம் போனால் 12 சென்டிமீட்டர். முழங்கையை மடக்கும் புஜத் தசையை எட்ட அது போதாமல் இருக்கலாம். ஆகவே இப்போது மடங்கவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நீங்கள் இடது கையால் எழுதுவதால் அந்த வளர்ச்சி ஒரு மில்லிமீட்டரும் குறையாது.

வலது கையைக் கைவிடுவது என்றால் அது வேறு. மூட்டுகளைத் தினமும் அசைத்துக் கொடுக்காமல் விடுவதுதான் கைவிடுவது. நரம்பு வந்து சேரும்போது தோளும் விரல்களும் இறுகிக் கிடந்தால் வந்த நரம்பால் என்ன பயன்? பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்தபடி இடது கையாலேயே வலது கையை நீட்டி மடக்குங்கள். நடக்கும்போது கையைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்லிங் பட்டையைப் போடுங்கள், இல்லையென்றால் கையின் கனமே தோள் மூட்டை மெல்ல இறக்கிவிடும். உணர்வில்லாத கை சூட்டையும் அறியாது. வெந்நீரை இடது கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் குளியுங்கள். எனக்கு ஒரு முறை கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டது தெரிந்தது.

எனக்கு மூச்சுக்கு உதவும் விலா நரம்பை எடுத்துப் புஜத் தசையில் இணைத்தார்கள். முதலில் ஆழமாக மூச்சை இழுத்தால்தான் தசை துடிக்கும், இருமினால் முழங்கை தானாக அசையும். மூச்சு வேறு, கை வேறு என்று மூளை பிரித்துக்கொள்ளப் பல மாதமானது. இன்று நினைத்தால் மடக்குகிறேன். விரல்கள் திரும்பவில்லை. இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை தர எனக்கு மனமில்லை.

கடிதத்தில் வலியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எரிச்சலும் ஷாக் அடிப்பது போன்ற வெட்டும் இருந்தால் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். சாதாரண வலி மாத்திரை அதற்குப் பெரும்பாலும் கேட்காது. நரம்பு வலிக்கென்றே மருந்துகள் உண்டு, மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

சரி, சட்டைக்கு வருவோம். கொஞ்சம் தொளதொளப்பானதாக எடுங்கள். போடும்போது முதலில் வலது கையை நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியாக. பொத்தானைக் கீழிருந்து மேலாகப் போட்டு வந்தால் வரிசை மாறாது. முதல் நாள் கால் மணி நேரம் ஆகும், அன்று மனைவியை அறைக்கு வெளியே இருக்கச் சொல்லுங்கள். முழுக்கை சட்டையில் இடது மணிக்கட்டுப் பொத்தானை மட்டும் இடது கையால் போட வராது. அதற்கு இன்றும் நான் என் மனைவியைத்தான் கூப்பிடுகிறேன்.